கருவாட்டுப் பெட்டியும் கறுப்புக் கோடும்

கேள்வி: அண்ணே, பாம்பனிலிருந்து நெத்திலி, சீலாக் கருவாடு எல்லாம் கூரியரில் அனுப்பி வியாபாரம் செய்கிறேன். லேபிளை நானே ஒரு சின்ன பிரிண்டரில் அடித்து ஒட்டுவேன். கொஞ்ச நாளாகப் பத்துப் பெட்டியில் ஒன்றிரண்டு 'ஸ்கேன் ஆகவில்லை' என்று வழியில் தங்கி, இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேருகிறது. வாடிக்கையாளர் திட்டுகிறார்கள். பிரிண்டர் கடைக்காரர் விலை கூடிய மாடலுக்கு மாறச் சொல்கிறார். வாங்கலாமா? லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பொறுங்கள் தம்பி, இப்போதைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரிண்டர் மேல் பழி போட ஒன்றுமில்லை, கோடுகள் கருகருவென்றுதான் இருக்கின்றன. லேபிளைப் பெட்டி விளிம்பில் பாதி மடித்து ஒட்டி, மேலே பளபளவென்று செலோ டேப் சுற்றியிருக்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான்.

அந்த மெஷின் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதி தானாகப் புரியும். கூரியர் பையன் கையில் துப்பாக்கி மாதிரி வைத்திருக்கிறாரே, அது பெரும்பாலும் சிவப்பு ஒளியை லேபிள் மேல் வீசும். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு மை விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியை உள்ளே இருக்கும் உணரி வாங்கி, அதன் ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக மாற்றுகிறது. அதை வைத்து எந்தக் கோடு எவ்வளவு அகலம், எந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று அளந்துகொண்டே போகும். அவ்வளவுதான் வேலை. தபால், கூரியர் லேபிள்களில் அதிகம் காண்பது 'கோட் 128' என்ற வகை. அதில் ஓர் எழுத்துக்கு மூன்று கறுப்புக் கோடு, மூன்று வெள்ளை இடைவெளி. ஒவ்வொன்றும் ஒன்று முதல் நான்கு அலகு வரை அகலம் இருக்கும், ஆறையும் கூட்டினால் 11 அலகு வர வேண்டும். ஆக, கறுப்பைப் போலவே வெள்ளையும் எழுத்துதான். வெள்ளை இடத்தில் கருவாட்டு எண்ணெய் ஊறிப் பழுப்பேறினாலும், டேப்பின் சுருக்கம் ஒரு நிழல் போட்டாலும் கணக்கு உதைக்கும். டேப்பின் பளபளப்பு இன்னொரு தொல்லை. ஒளி கண்ணாடியில் பட்டது போலத் தெறித்துத் திரும்பினால், கறுப்புக் கோடும் மெஷினுக்கு வெள்ளையாகத் தெரியும்.

பெரிய பிரிப்பு மையங்களில் யாரும் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பெல்ட்டில் பெட்டி ஓடும், வாசல் நிலை மாதிரி ஒரு சட்டத்தில் பொருத்திய கேமராக்கள் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கும். படத்தில் இணைகோடுகள் அடுக்கியிருக்கும் இடத்தைக் கணினி தேடிப் பிடித்து எண்ணைப் படிக்கும். அந்த எண்ணுக்குரிய ஊரின் வழி வரும்போது பெட்டியை அதில் தள்ளிவிடும். படிக்க முடியாத பெட்டி தனியே ஒதுங்கும். ஓர் ஆள் வந்து கோட்டுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண்ணைக் கையால் அடிக்கிற வரைக்கும் அது அங்கேயேதான் கிடக்கும். உங்கள் இரண்டு நாள் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும். அதனால் அந்த எண்ணின் மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

இன்னொன்றையும் படத்தில் கவனித்தேன். கோடுகளுக்குப் பக்கத்திலேயே கறுப்பு மார்க்கரில் 'கருவாடு' என்று பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் கோட்டுக்கு முன்னாலும் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலும் வெறும் வெள்ளை இருந்தால்தான் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று மெஷினுக்குத் தெரியும். இருப்பதிலேயே ஒல்லியான கோட்டைப் போலப் பத்து மடங்கு அகலமாவது அந்த வெள்ளை வேண்டும். எழுதுவதைப் பெட்டியின் வேறு பக்கத்தில் எழுதுங்கள். வாசனையே சொல்லிவிடும், எழுதாவிட்டாலும் பரவாயில்லை!

என்னிடம் ஒரு பழைய கை ஸ்கேனர் கிடக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று பழைய பார்சல் அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துச் சோதித்தேன். முதல் லேபிளில் நீலப் பேனாவால் கோடுகளைக் குறுக்கே வெட்டி ஒரே இழுப்பு. பட்டென்று படித்தது. இரண்டாவதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோபம் தீரக் கிறுக்கினேன். அதையும் படித்தது! சிவப்பு ஒளிக்குச் சிவப்பு மை வெள்ளைத் தாள் மாதிரிதான் தெரியும். மூன்றாவதில், இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்பு மார்க்கரால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டேன். பத்து முறை காட்டியும் சத்தமே இல்லை. பார்கோடு உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. ஒரே செய்தி மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப இருக்கிறது, எந்த மட்டத்தில் ஒரு வரி சுத்தமாகக் கிடைத்தாலும் போதும். குறுக்கே விழும் கீறலை அது மன்னித்துவிடும், கோட்டோடு சேர்ந்து நெடுக விழும் கீறலையும் மடிப்பையும் மன்னிக்காது.

இப்போது பிரிண்டர் விஷயம். உங்களுடையது ரிப்பன் இல்லாத தெர்மல் வகை. ஏடிஎம் ரசீது போல, சூடு பட்டால் கறுக்கும் தாள். ரசீதைச் சட்டைப்பையில் வைத்து மறந்தால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? வெயில், எண்ணெய், சானிடைசர், சில டேப்புகளின் பசை, இவை பட்டால் எழுத்து வெளிறும் அல்லது தாளே கறுக்கும். ஆனால் அன்றன்றைக்கு அடித்து அன்றே அனுப்புகிற உங்களுக்கு அது போதும். லேபிள் ரோலை மட்டும் மேல்பூச்சு உள்ளதாக, பளபளப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் டேப் ஒட்டி, அதற்கு மேல் லேபிளைச் சமதளத்தில் ஒட்டுங்கள். கருவாட்டை இரண்டு உறையில் போட்டு இறுக மூடிய பிறகே பெட்டியில் வையுங்கள். மொத்தமாக லேபிள் அடித்து வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத்தான் ரிப்பன் போட்ட வகை தேவை. அதன் மை சூட்டுக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாது.

என்றைக்காவது லேபிள் நெடுக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் அச்சுத் தலையில் அழுக்கு, அல்லது ஒரு புள்ளி செத்துவிட்டது என்று அர்த்தம். முதலில் துடைத்துப் பாருங்கள். கடைக்காரரிடம் அப்புறம் போகலாம்.

கேள்வி: காக்கா, எனக்குக் கீழக்கரை. ஷார்ஜாவில் இருக்கும் மாப்பிள்ளை தபாலில் பார்சல் போட்டுவிட்டு, எண்ணைப் போனில் சொன்னார்கள். காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன்: சிபி 251306745 ஏஇ. இணையத்தில் போட்டால் எண் தவறு என்கிறது. பார்சல் தொலைந்துவிட்டதா?

பதில்: தொலையவில்லை தங்கச்சி, எழுதியதில்தான் பிசகு. வெளிநாட்டுத் தபால் எண் எல்லாம் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த ஒரே அச்சில் வரும். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. முதல் எழுத்து சி என்றால் பார்சல், இ என்றால் நம் ஸ்பீடு போஸ்ட் மாதிரி விரைவுத் தபால். ஒன்பதாவது இலக்கம் காவல்காரன். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 11 ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் அந்த இலக்கம் வர வேண்டும். (10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று போடுவார்கள்.)

உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 16, 30, 4, 6, 0, 30, 63, 28, மொத்தம் 177. 11 ஆல் வகுத்தால் மீதி 1, கழித்தால் 10, ஆக 0 வர வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது 5. கடைசிக்கு முன்னால் இருக்கும் 7, 4 இரண்டையும் இடம் மாற்றி 25130647 என்று போட்டால் கூட்டுத்தொகை 171, மீதி 6, விடை 5. பொருந்துகிறது! ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு பெருக்கம் வைத்திருப்பதே இப்படி இலக்கம் தாவுவதைப் பிடிக்கத்தான். ஆனாலும் இது என் ஊகம். எண் தப்பு என்று அந்தக் காவல்காரன் சொல்வானே தவிர, எங்கே தப்பு என்று சொல்ல மாட்டான். மாப்பிள்ளையை ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இனி எண்ணை வாய்வழி வாங்க வேண்டாம்.

கேள்வி: பார்கோடு 890 என்று தொடங்கினால் அது நம் நாட்டில் செய்த பொருள் என்று தொண்டிக் கடையில் சொன்னார்கள். சரிதானா?

பதில்: இல்லை. எண்ணை இந்தியாவில் பார்கோடு எண் வழங்கும் அமைப்பிடம் வாங்கினார்கள் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பொருளை எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம். உறையில் பொடி எழுத்தில் இருக்கும் 'தயாரித்த நாடு' என்பதைப் படியுங்கள். கடற்கரைக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் சொல்கிறேன். பார்கோட்டை யோசித்த ஜோசப் வுட்லேண்ட், 1949-ல் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது விரல்களால் மணலில் கோடு இழுத்துத்தான் அந்த யோசனையைப் பிடித்தார். தந்தி முறையின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் என்ன என்று தோன்றியதாம். பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1952-ல் காப்புரிமை வாங்கினார். கடைக் கவுண்டரில் அது உருப்படியாக வேலை செய்ய 1974 ஆகிவிட்டது.

கேள்வி: மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். 'உங்கள் பார்சலின் பின்கோடு மெஷினில் படிக்கவில்லை, 25 ரூபாய் கட்டி முகவரியைத் திருத்துங்கள்' என்று லிங்க்கோடு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எண்ணும் போட்டிருந்தார்கள். கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள், அந்த லிங்க்கைத் தொடவும் வேண்டாம். மெஷினுக்குப் பின்கோடு புரியாவிட்டால் மனிதர் படிப்பார், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. 1972-ல் பின்கோடு வந்த நாளிலிருந்து தப்பாக எழுதிய உறைகளை நம் தபால்காரர்கள் ஊர்ப் பெயரை வைத்தே கொண்டு சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். செய்தியில் உள்ள எண் மேலே சொன்ன கணக்குக்குப் பொருந்தினாலும் நம்ப வேண்டாம், ஏமாற்றுக்காரனுக்கும் பெருக்கல் தெரியும். உண்மையிலேயே பார்சல் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அஞ்சல் துறையின் 1800 266 6868 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது உள்ளூர்த் தபால் நிலையத்துக்கே ஒரு நடை போய்விடுங்கள். ஏற்கெனவே கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிக்கும் வரை கூடக் காத்திருக்காமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், அடுத்து வங்கியை.