கடிதம் வந்த வழியை உறை சொல்லும்

கேள்வி: களுதாவளையில் வசிக்கிறேன். கல்முனையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் மாலை மூன்றரைக்குத்தான் வீடு. பகலில் வயதான அம்மா மட்டும் இருப்பார். மகளுக்கு ஓர் அரச அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது, தேர்வு முடிந்த மூன்றாம் நாள். கத்தாரிலிருந்து கணவர் ஏப்ரல் 20 அன்று தபாலில் போட்ட பார்சல் ஆகஸ்ட் மாதமாகியும் வந்து சேரவில்லை. இணையத்தில் வாங்கிய பொருளைக் கூரியர்காரர் ‘வீட்டில் ஆளில்லை’ என்று எழுதி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். தபாற்காரரோடு சண்டை பிடிப்பதா, மேலிடத்துக்கு எழுதுவதா? யாரிடம் போவது?

பதில்: சகோதரி, சண்டையைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். தபாலகக் கவுண்டருக்கு உட்புறத்தில் பல வருடம் உட்கார்ந்து எழும்பியவன் நான். உங்களைப் போல மூன்று மனக்குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருபவர்கள் மூன்றுக்கும் பதில் கிடைக்காமல்தான் திரும்பிப் போவார்கள். உங்களுடைய மூன்றும் மூன்று வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் எங்கள் ஊர்ப்பக்கத்தோடு சம்பந்தப்பட்டது.

மகளின் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். உறையை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு நான் அனுப்பிய செய்திக்கு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். பலர் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு உறையை அடுப்பில் போடுகிறார்கள். தாமதம் எங்கே நடந்தது என்பதற்கு உறையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

உள்ளே இருக்கும் கடிதத்தின் திகதி ஜூலை 4. உறையின் முகப்பில் விழுந்திருக்கும் வட்டமான திகதி முத்திரை ஜூலை 16. பின்புறத்தில் விநியோகத் தபாலகத்தின் முத்திரை ஜூலை 19, சனிக்கிழமை. உங்கள் அம்மா கையெழுத்து வைத்து வாங்கியது 21, திங்கட்கிழமை. தேர்வோ 18ஆம் திகதி. இப்போது கணக்குப் பாருங்கள். தபாலில் கடிதம் இருந்தது ஐந்து நாள், அதற்குள் ஒரு ஞாயிறும் அடக்கம். அதற்கு முன்னர் பன்னிரண்டு நாள் அது கையெழுத்தாகி, உறைக்குள் போய், ஏதோ ஒரு மேசையின் மூலையில் படுத்துக் கிடந்திருக்கிறது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொழும்பில் தபாலில் சேர்த்த கடிதம் களுதாவளைக்கு நேரத்துக்கு வரும் என்று அங்கே யார் நினைத்தார்களோ! உங்கள் தபாற்காரர் இதில் குற்றமற்றவர். வீதியில் கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

முறையிட வேண்டிய இடம் அனுப்பிய அலுவலகம். உறையின் இரு பக்கங்களையும் ஒரே தாளில் பிரதி எடுத்து, நான்கு திகதிகளையும் வரிசையாக எழுதி, மகளுக்கு மாற்றுத் திகதி கேட்டு உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். கோபத்தைக் காட்டும் பந்தி வேண்டாம், திகதிகளே போதும். தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலரோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “இந்தக் கடிதம் எந்தத் திகதியில் தபாலுக்குக் கையளிக்கப்பட்டது?” என்ற ஒரே ஒரு கேள்வியை அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததுமே சில கோப்புகள் நகரத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

இனிமேல் எந்த விண்ணப்பத்திலும் கைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் வெறுமையாக விடாதீர்கள். திகதி நெருங்கும்போது அலுவலகத்துக்கு அழைத்து, பெயர்ப்பட்டியல் வந்துவிட்டதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கைப் போட முடிந்தது கடிதம் பதிவுத் தபாலில் வந்ததால்தான். பதிவுத் தபாலுக்கு ஓர் இலக்கம் உண்டு. அது கை மாறும் இடங்களில் பட்டியலில் ஏறும். காலையில் தபாற்காரர் பையோடு புறப்படும்போது அந்த இலக்கத்துக்குக் கையெழுத்து வைத்துத்தான் எடுத்துச் செல்வார். சாதாரண முத்திரை ஒட்டிய கடிதத்துக்கு அப்படி ஒரு தடமும் இல்லை. “போட்டேன், வரவில்லை” என்று கவுண்டரில் வந்து நின்றால் தபாலதிபரால் அனுதாபப்பட மட்டுமே முடியும். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், காசோலை போன்றவற்றைச் சாதாரணத் தபாலில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அடுத்தது உங்கள் முகவரி. மகளின் உறையில் ‘பிள்ளையார் கோவில் வீதி, களுதாவளை’ என்று மட்டும் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பிள்ளையார் கோவில் வீதி, கடற்கரை வீதி, முதலாம் குறுக்கு என்ற பெயர்கள் எத்தனை ஊரில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு ஊரின் பெயரும் உங்களுக்கு எதிராக இருக்கிறது. களுதாவளையை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் ஐந்து எழுத்தும் களுத்துறையோடு ஒத்துப்போகும். கொழும்பில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரித்துப் போடுகிறவர் முழுச் சொல்லையும் வாசிப்பதில்லை, சொல்லின் தலையைத்தான் பார்க்கிறார். மேற்குக் கரைக்கு ஒரு சுற்றுப் போய்க் கடற்காற்று வாங்கித் திரும்பிய முத்திரையோடு இந்தப் பக்கத்துக் கடிதங்களை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இதைத் தடுப்பது ஐந்து இலக்கத் தபால் குறியீடு. மட்டக்களப்பு மாவட்டத்துக்குரியவை 30 என்றும், அம்பாறைக்குரியவை 32 என்றும் தொடங்கும். மட்டக்களப்பு நகரம் 30000, களுவாஞ்சிகுடி 30200, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400. களுத்துறை 12000. பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர் இலக்கத்தைப் பார்த்துக் குழம்ப மாட்டார். உங்கள் வீட்டுக்குத் தபால் வந்து பிரியும் தபாலகத்தின் குறியீடு எது என்று அங்கேயே கேட்டு, கடைசி வரியில் அதைத் தனியாக, பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு கடிதத்தில், கணவர் பெயரின் முதலெழுத்து இன்னொன்றில் என்று வந்தால், பதிவுத் தபாலைத் தரும்போது தபாற்காரர் தயங்குவார். தயங்குவதுதான் அவர் கடமை. பெயருக்குக் கீழே வீட்டிலக்கம், ஒழுங்கை, வீதி, கிராம சேவகர் பிரிவு. அதற்கும் கீழே ஓர் அடையாளம், ‘கூட்டுறவுக் கடைக்கு எதிர் ஒழுங்கை, பச்சைப் படலை’ என்பதைப் போல. ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுந்த திராய்மடு போன்ற குடியேற்றங்களில் இருப்பவர்களுக்கு இந்த அடையாள வரி இன்னும் முக்கியம். அங்கே ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும். புதிதாக வந்த தபாற்காரர் வரிசை மாறினால் வீடும் மாறிவிடும். கொழும்பிலிருந்து வர வேண்டியவற்றுக்கு முகவரியை ஆங்கிலத்திலும் கொடுத்து வையுங்கள். ஊர்ப் பெயரை இன்று ஒரு விதமாகவும் நாளை இன்னொரு விதமாகவும் எழுதாமல், ஒரே எழுத்துக்கூட்டலை எப்போதும் பயன்படுத்துங்கள்.

பகலில் அம்மா மட்டும் இருக்கிறார் என்றீர்கள். அவர் படலைக்கு வருவதற்குள் தபாற்காரர் போய்விடலாம். உங்கள் சார்பில் பதிவுத் தபாலைப் பெற இன்னாருக்கு அதிகாரமளிக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அடையாள அட்டைப் பிரதிகளோடு தபாலதிபரை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ஆளில்லாவிட்டால் தபாற்காரர் அறிவித்தல் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். பொருள் தபாலகத்தில் சில நாட்கள்தான் காத்திருக்கும், பிறகு அனுப்பியவரிடமே திரும்பிவிடும். ஆகவே அந்தத் துண்டைப் பேரப்பிள்ளைகள் கப்பல் செய்வதற்கு முன்னர் கைப்பற்றுங்கள். அதிகம் கடிதம் வருகிறவர்கள் பெரிய தபாலகங்களில் வாடகைக்குப் பெட்டி எடுக்கலாம். முகவரிகளில் ‘த. பெ. இல.’ என்று காண்கிறோமே, அதுதான். உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது.

சாதாரணக் கடிதத்துக்குப் படலையில் ஒரு பெட்டி வேண்டும். நம் கரையோரத்து உப்புக்காற்றில் தகரப் பெட்டி அதிக நாள் தாங்காது. ஆறு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை மூடி, திறந்த வாய் சற்றுக் கீழே சரிந்து நிற்கும்படி மதிலின் உட்புறம் கம்பியால் கட்டுங்கள். மாரியில் சாரல் உள்ளே போகாது. வாய்க்கு வெளியே ஒரு சிறிய மடிப்புத் தகடு வைத்தால் கடிதம் நழுவி விழாது. நாயைப் பகலில் கட்டி வையுங்கள். ‘ஆளில்லை’ என்று எழுதப்படும் வீடுகளில் பாதியில் ஆள் இல்லாததல்ல பிரச்சினை, நாய் இருந்ததுதான் பிரச்சினை என்பது என் சொந்தக் கணிப்பு.

கூரியருக்கு வருவோம். நீங்கள் கடைக்காரரிடம் பணம் கொடுத்தீர்கள், கூரியரை அமர்த்தியது கடைக்காரர். ஆகவே பொருள் வராவிட்டால் முதலில் கேட்க வேண்டியதும் அவரிடம்தான். கூரியர் கிளையோடு மணிக்கணக்கில் தொலைபேசியில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: “இன்ன நாள், இன்ன நேரம் வரை என் தொலைபேசிக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.” அழைப்புப் பட்டியலின் படத்தையும் இணையுங்கள். அவர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு முறைப்பாட்டைவிட இடமாற்றம்தான் பயன் தரும். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி ஏன் காத்திருக்கிறீர்கள்? பகல் முழுவதும் திறந்திருக்கும் ஒரு பலசரக்குக் கடையோ மருந்தகமோ பிரதான வீதியில் இருந்தால், அங்கிருப்பவரிடம் கேட்டு அதையே விநியோக முகவரியாகக் கொடுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். கூரியர்க் கிளையில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாடசாலை முடிந்து வரும் வழியில் எடுப்பதும் நல்லது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து உறவினர்களுக்கும் இதையே சொல்லுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது எளிதாகிவிட்டது உண்மைதான். ஆனால் மாரியில் வயல் வீதிகளில் வெள்ளம் ஏறினால் மோட்டார் சைக்கிளில் பொதி கட்டி வருகிற பையன் உள்ளூருக்குள் வர மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுப்பதாக இருந்தால், பொதியின் நாடா பிரிக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பிரிப்பதைக் கைபேசியில் இடையில் நிறுத்தாமல் படம் பிடியுங்கள். பெட்டிக்குள் செங்கல் துண்டு இருந்தால் அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும்.

கத்தார் பார்சலைப் பற்றி. முதலில், அவர் போட்டது உண்மையில் தபாலிலா, அல்லது வீட்டுக்கு வீடு சரக்குப் பெட்டி கொண்டுவரும் முகவரிடமா என்று கேளுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் இரண்டையுமே ‘பார்சல் போட்டேன்’ என்றுதான் சொல்வார்கள். முகவரிடம் கொடுத்திருந்தால் அது கப்பலில் வரும் சரக்கு, தபாலகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தபால் என்றால் ரசீதில் 13 எழுத்து கொண்ட இலக்கம் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதலெழுத்து ‘சி’ என்றால் பார்சல், ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘இ’ என்றால் விரைவுத் தபால். ‘யூ’ என்று தொடங்கினால் அது தடம் பார்க்க முடியாத சிறு பொதி, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உள்ளே என்ன வைத்தார் என்றும் கேளுங்கள். சென்ட் போத்தலும் பவர் பேங்கும் வளைகுடாப் பார்சல்களின் செல்லப் பிள்ளைகள். இரண்டும் விமானத் தபாலில் சிக்கலைக் கொண்டுவரும், ஒன்று தீப்பற்றும் திரவம், மற்றது லித்தியம் மின்கலம். அதனால் அங்கேயே நிறுத்தப்பட்டிருக்கலாம். இங்கே வந்து சுங்கத்தில் நிற்கிறது என்றால் அதற்கான அறிவித்தல் தபாலில் வரும்.

அப்படி அறிவித்தல் வரும் என்று நான் சொன்னதை வைத்து, கைபேசிக்கு வருகிற குறுஞ்செய்தியை நம்பிவிடாதீர்கள். “உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, முகவரியைத் திருத்தச் சிறு கட்டணம் செலுத்துங்கள்” என்று ஓர் இணைப்போடு வருவது, தபால் திணைக்களத்தின் பெயரில் நடக்கும் மோசடி. கேட்கும் தொகை சிறியதாக இருக்கும், அவர்களுக்கு வேண்டியது உங்கள் வங்கி அட்டையின் இலக்கம். பார்சலை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் எளிதில் அழுத்திவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் தபாலகத்துக்கு நேரில் போய் இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பார்சலைத் தேடும் விசாரணையை, ரசீது வைத்திருக்கும் அனுப்பியவர் அங்குள்ள தபாலகத்தில் தொடங்குவதே விரைவில் பலன் தரும். இதற்கு உலக தபால் ஒன்றியத்தின் விதிப்படி ஒரு காலவரை உண்டு, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம். உங்கள் கணவர் போட்டது ஏப்ரல் 20. ஒக்டோபர் 20க்குப் பிறகு போனால் கவுண்டரில் கையை விரிப்பார்கள். இன்றிரவு அவர் அழைக்கும்போது, மற்றக் கதைகளுக்கு முன்னால், அந்த ரசீதைத் தேடிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும்.