முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது?

முதியோர் இல்லம் என்பது தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு தரும் இடம். மருத்துவமனை அல்ல. பல இல்லங்களில் மருத்துவர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரங்களில் நோயாளியைத்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனையில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடாது, வாய்க்காலும் மடையும் சரியாக இருக்க வேண்டும். இங்கே வாய்க்கால் என்பது கூடப் போக ஒரு ஆள், ஒரு வண்டி, அப்புறம் பழைய மருத்துவச் சீட்டுகள்.

சீட்டு விஷயத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோன மாத்திரை அட்டையை மட்டும் நீட்டினால் புது மருத்துவர் என்ன செய்வார்? மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், உறவினர் எண் எல்லாம் ஒரே ஃபைலில் இல்லத்தில் இருக்கட்டும். ராத்திரியில் 108 வந்தால் அந்த ஃபைலும் கூடவே ஏறும்.

பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியது; இல்லத்துக்கும் வருவார்களா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாதக் கட்டணத்திலேயே வைத்தியச் செலவும் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, சேர்க்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.