1 டெராபைட் வன்தட்டைக் கணினி ஏன் 931 ஜிபி என்று காட்டுகிறது?

ஒரு பைட் கூடத் தொலையவில்லை. ஒரே கொள்ளளவை இரண்டு விதமாக அளக்கிறார்கள், அவ்வளவுதான். 100 கிலோமீட்டரை மைலில் சொன்னால் 62 என்று வரும்; அதற்காகச் சாலை சுருங்கிவிடுவதில்லையே!

தயாரிப்பாளருக்குக் 'கிலோ' என்றால் 1,000. அந்தக் கணக்கில் 1 டெராபைட் என்பது 1 லட்சம் கோடி பைட். விண்டோஸோ 1,024-ஐ வைத்து எண்ணுகிறது. அதற்கு 1 ஜிபி என்பது 107,37,41,824 பைட். லட்சம் கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

ஏன் 1,024? கணினி நினைவகத்துக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு நிலைகள்தான். நினைவகத்தில் எந்த இடம் என்று சுட்டும் மின்கம்பிக்கு முகவரிக் கம்பி என்று பெயர். ஒரு முகவரிக் கம்பியால் 2 இடங்களைச் சுட்டலாம். இரண்டு கம்பிகளால் 4, மூன்றால் 8. இப்படியே இரட்டித்துப் போனால் பத்துக் கம்பிகளுக்கு 1,024. ஆயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று 'கிலோ'வை இரவல் வாங்கிவிட்டார்கள். கிலோபைட்டில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான், ஜிகாபைட்டில் 7 சதவீதத்தைத் தாண்டுகிறது, டெராபைட்டில் ஏறக்குறைய 10.

1,024-ஐ வைத்து எண்ணும் இந்த இரும அளவுகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்களும் உண்டு. (தமிழில் எழுதும்போது ஜிபியும் ஜிபிபைட்டும் குழம்புவது வேறு கதை.) விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே விடாமல் பிடித்திருக்கிறது, குழப்பத்தில் பாதிப் பழி அதற்கே என்பேன். ஆப்பிள் மேக் 2009-லேயே ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது.

மீதி 69 ஜிபியை இயங்குதளம் விழுங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். எதுவுமே நிறுவாத வெற்று வன்தட்டை இணைத்தாலும் விண்டோஸ் 931 என்றுதான் காட்டும்.