மகள் பேட்டன்ட் வேலைக்குப் போகிறேன் என்கிறார், அனுப்பலாமா?

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறார், பி.எட். வேண்டாம், வங்கித் தேர்வும் வேண்டாம், பேட்டன்ட் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அது என்ன வேலை, நிலைக்குமா, பணம் கட்டி ஒரு கோர்ஸில் சேர்க்கச் சொல்கிறாரே, சேர்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: இப்போது கட்ட வேண்டாம், நான்கு ஞாயிற்றுக்கிழமை பொறுங்கள். அந்த நான்கு நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

பேட்டன்ட் என்றால் காப்புரிமை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதைச் செய்யும் விதத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யவிடாமல் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. உரிமை தரும் முன், கேட்டது உண்மையிலேயே புதியதுதானா என்று சோதிப்பவர் எக்ஸாமினர். விண்ணப்பத்தை எழுதி, எக்ஸாமினர் எழுப்பும் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்பவர் பேட்டன்ட் ஏஜென்ட். இவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் வேண்டிய பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுப்பவர் அனலிஸ்ட். மூன்றுமே உட்கார்ந்து படித்து எழுதும் வேலைகள். ஆய்வகத்தில் கருவியோடு நிற்பதுதான் பிள்ளைக்குச் சந்தோஷம் என்றால், இந்த வேலையில் இரண்டே வருடத்தில் சலித்துவிடும். அதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

அவருடைய புராஜெக்ட் குவாண்டம் டாட் பற்றியது என்பதால், அதிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறோம். வேலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் விளங்கும்.

குவாண்டம் டாட் என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள துகள். நீல ஒளியை வாங்கிக்கொண்டு, தன் அளவைப் பொறுத்துப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பிக் கொடுக்கும். 2023-ல் வேதியியல் நோபல் பரிசு இந்தத் துகள்களுக்காகத்தான் கொடுக்கப்பட்டது. இதைப் பயன்படுத்தும் டிவி பேனலில் கீழே நீல ஒளித் தளம் ஒன்று இருக்கும், அலைநீளம் ஏறக்குறைய 450 நானோமீட்டர். அதற்கு மேலே நிறமாற்று அடுக்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று குழிகள். ஒன்றில் சிவப்பு டாட், ஒன்றில் பச்சை டாட். மூன்றாவதில் டாட் கிடையாது, டைட்டானியம் டையாக்சைடு துகள் மட்டும் இருக்கும். நீலத்தைச் சிதறடித்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மூன்று நிறமும் ஒத்துத் தெரியும்படி செய்வது அதன் வேலை.

குழிகளுக்கு நடுவே தடுப்புச் சுவர். ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சாந்தை ஊற்றுவார்கள். ஒரு கட்டத்துச் சாந்து அடுத்ததில் வழிந்தால் பூ கெட்டது. கல்லில் அச்சைத் தூக்கிவிடுவார்கள். பேனலில் சுவர் அப்படியே நிற்கும், டாட் கலந்த மை ஒன்றோடொன்று கலக்காமலும் ஒளி பக்கத்துக் குழிக்குக் கசியாமலும் காக்கும்.

ஐரோப்பிய விதிகள் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவதால், இண்டியம் பாஸ்பைடு டாட்களைத்தான் பெரும்பாலும் நாடுகிறார்கள். அது நீலத்தைக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே அடுக்கு 10 மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிமனாக வேண்டியிருக்கிறது. அப்படியும் மாறாமல் தப்பி வரும் நீலத்தை மேலே உள்ள கலர் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். இடையில் ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு படலம் வைத்தால், சாய்வாக வரும் நீலம் திரும்ப டாட்களுக்கே போய் இன்னொரு முறை மாறும். ஈரம் டாட்களைக் கெடுக்கும் என்பதால் சிலிக்கான் நைட்ரைடு போன்ற மூடியும் உண்டு.

இந்த மையை இங்க்ஜெட்டில் சொட்டு சொட்டாக ஊற்றும்போது, குறி தவறிய சொட்டு சுவரின் தலையில் விழுந்து பக்கத்துக் குழிக்கு வழிகிறது. ஒருவர் சுவரின் தலையில் ஆழமில்லாத சிறு பள்ளம் வெட்டி, தவறிய சொட்டு அதிலேயே தங்கும்படி செய்து பேட்டன்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கலாமா?

எக்ஸாமினர் முதலில் புரட்டுவது படங்களை அல்ல, கடைசிப் பக்கங்களில் இருக்கும் கிளெய்ம்களை. ‘இதுதான் என் எல்லை’ என்று விண்ணப்பதாரர் ஒரே நீண்ட வாக்கியத்தில் போடும் வேலி அது. அதைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும்: நீல ஒளித் தளம், சிவப்புக் குழி, பச்சைக் குழி, சிதறல் குழி, சுவர், சுவர்த் தலையில் பள்ளம், மேலே மூடி. ஐந்தொகை போடுகிறவர் ஒரு வரியையும் விடமாட்டார் அல்லவா, அதே கண் வேண்டும். ஒரு சொல்லே எல்லையை மாற்றும். ‘கம்ப்ரைசிங்’ என்று எழுதினால் சொன்ன பாகங்களோடு வேறு பாகம் இருந்தாலும் வேலிக்குள் வரும். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எழுதினால் கூடுதலாக ஒரு படலம் சேர்த்தவர் தப்பிவிடுவார்.

அடுத்தது தேடல். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரே சுவரை ஒரு கம்பெனி பேங்க் என்னும், இன்னொன்று பார்ட்டிஷன் வால் என்னும், மூன்றாவது பிக்சல் டிஃபைனிங் லேயர் என்னும். கலர் என்பதற்கே அமெரிக்க எழுத்து வேறு, பிரிட்டிஷ் எழுத்து வேறு. ஒரு சொல்லில் தேடிவிட்டு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் அது தேடலே இல்லை. உலகப் பொது வகைப்பாட்டு எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். தானே ஒளி தரும் கரிம அடுக்குள்ள பேனல்தான் ஓ.எல்.இ.டி. அதில் வரும் நிறமாற்று அடுக்குக்கு எச்10கே 59/38. அந்த எச்10கே பிரிவு 2023-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்கள் எச்01எல் 27/32 என்ற பழைய எண்ணில் வகைப்படுத்தப்பட்டவை, ஆகவே இரண்டிலும் தேட வேண்டும். இந்தத் துறையில் கொரிய, ஜப்பானிய, சீன ஆவணங்கள் ஏராளம். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பள்ளம்’ என்பது எந்தெந்தச் சொல்லாக வந்திருக்கும் என்று யோசித்துத் தேடுகிறவர்தான் நல்ல அனலிஸ்ட்.

தேடியதில் இரண்டு ஆவணங்கள் கிடைக்கின்றன. முதலாவதில் பள்ளம் தவிர எல்லாம் இருக்கிறது. இரண்டாவது சாதாரண ஓ.எல்.இ.டி. பேனல், நிறமாற்று அடுக்கு இல்லை. ஆனால் மை வழியாமல் இருக்கச் சுவரில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஒரே ஆவணத்தில் எல்லாத் துண்டும் இல்லாததால், ‘இது பழையது’ என்று சொல்ல முடியாது. ஆனால் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 2(1)(ஜேஏ) இன்னொன்றும் கேட்கிறது: துறை தெரிந்த ஒருவருக்கு இது தானாகத் தோன்றியிருக்குமா? அதே சிக்கல், அதே தீர்வு, ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸாமினர் இரண்டையும் சேர்த்து ஆட்சேபம் எழுதுவார். முதல் ஆய்வறிக்கை, எஃப்.இ.ஆர். என்பது இதுதான்.

இப்போது ஏஜென்ட் என்ன சொல்ல முடியும்? ஓ.எல்.இ.டி. அடுக்குகளின் தடிமன் நானோமீட்டர் கணக்கு, இங்கே 10 மைக்ரோமீட்டர். ஊற்றும் மையின் அளவே வேறு, பழைய பள்ளம் இங்கே நிரம்பி வழிந்துவிடும், எங்கள் பள்ளத்தின் அகலமும் ஆழமும் இந்தக் கணக்குக்காகவே அமைந்தவை என்று வாதிடலாம். நல்ல வாதம். ஆனால் அந்த அளவுகளும் ஒப்பிட்டுச் செய்த சோதனையும் விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விவரித்துத் தாக்கல் செய்த ஆவணத்தில், இருந்தால்தான் நிற்கும். ‘போதிய ஆழம்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் தெளிவில்லை என்ற ஆட்சேபமும் கூடவே வரும். சரி, இப்போது எண்களைச் சேர்த்துவிடலாமா என்றால் பிரிவு 59 விடாது. முதலில் சொல்லாத விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க முடியாது. முதல் நாள் விட்ட ஒரு பத்திக்காக நல்ல கண்டுபிடிப்புகள் விழுகின்றன. இந்தத் தொழிலில் ஏஜென்டின் மதிப்பே அந்த முதல் நாள் எழுத்தில்தான் இருக்கிறது.

பேனல் டிசைன் என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. உள்ளே அடுக்குகள் அமையும் விதம் பேட்டன்ட். பார்வைக்குத் தெரியும் வடிவம் மட்டும் என்றால் அது 2000-ம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தில் தனிப் பதிவு, 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டலாம்.

நாள் கணக்கும் இந்த வேலையில் உயிர் போன்றது. விண்ணப்பித்தால் மட்டும் ஆய்வு தொடங்காது, படிவம் 18 தனியாகப் போட வேண்டும். 2024 மார்ச் 15-க்குப் பின் தாக்கலானவற்றுக்கு முன்னுரிமை நாளிலிருந்து (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) 31 மாதம் கெடு, அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. எஃப்.இ.ஆர். வந்தால் பதிலுக்கு 6 மாதம், கேட்டு வாங்கினால் இன்னும் 3 மாதம். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இனி வேலைக்கு வருவோம். பேட்டன்ட் ஏஜென்ட் ஆக, இந்தியக் குடிமகளாக, 21 வயது நிறைந்து, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் தேர்வு எழுதலாம். வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. சட்டமும் விதிகளும் ஒரு தாள், விவரக்குறிப்பு எழுதுதல் ஒரு தாள், தலா 100 மதிப்பெண். நேர்முகம் 50. ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். பலர் விழுவது இரண்டாவது தாளில், கிளெய்ம் எழுதிப் பழகாததால். தேர்வு ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். அனலிஸ்ட் வேலையில் சேர்ந்துகொண்டே படிப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த வேலைகள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம், நொய்டா பக்கம் இருக்கின்றன.

எக்ஸாமினர் என்பது மத்திய அரசின் குரூப் ஏ பதவி, சம்பள நிலை 10, அடிப்படை ₹56,100-ல் தொடக்கம். இயற்பியலில் முதுகலை போதும். 2023-ல் 553 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 35. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடைவெளி பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், இதை மட்டுமே நம்பி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியில். நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்த பதிவகமும் அங்கேதான்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடாதா என்று உங்கள் தம்பி கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆவணத்தைச் சுருக்கித் தருவது, முதல்சுற்றுத் தேடல் போன்ற கீழ்மட்ட வேலைகள் குறையும். அதனால்தான் அனலிஸ்டாகவே நின்றுவிடாமல், மூன்று நான்கு வருடத்துக்குள் ஏஜென்ட் தகுதி வாங்கிவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். தமிழ்வழியில் படித்ததைப் பற்றி நீங்கள் பட்ட கவலை எங்களுக்கு அவ்வளவாக இல்லை. பேட்டன்ட் ஆங்கிலம் குறுகிய ஆங்கிலம், சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். ஆறு மாதம் தினமும் படித்தால் பிடிபடும்.

அவசரமான ஒன்று. மகளின் புராஜெக்டில் புதிதாக ஏதாவது இருந்தால், கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டும் முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசச் சொல்லுங்கள். வெளியில் சொல்லிவிட்டால் அதுவே அவருக்கு எதிரான பழைய ஆவணமாகிவிடக்கூடும். தற்காலிக விவரக்குறிப்பை ஆன்லைனில் போட, தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ₹1,600 தான். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். பல்லவன் ரயில் ஏறிக் கிண்டிக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது அந்த நான்கு ஞாயிறு. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் கலர் கன்வெர்ஷன் டிஸ்ப்ளே பேனல் என்று ஆங்கிலத்தில் தேடி, உரிமை வழங்கப்பட்ட ஓர் அமெரிக்க ஆவணத்தை எடுக்கட்டும். இலவசம்தான். முதல் ஞாயிறு, முதல் கிளெய்மை மட்டும் கையால் எழுதித் துண்டுகளாக உடைக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு, ஆவணத்தின் படங்களைப் பார்க்காமல் அந்தச் சொற்களை வைத்தே பேனலின் குறுக்குவெட்டை வரைந்துவிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். மூன்றாவது ஞாயிறு, அந்தத் துண்டுகள் இருக்கும் இரண்டு பழைய ஆவணங்களைக் கண்டுபிடித்து, எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்று எழுத வேண்டும். அவை இதன் முன்னுரிமை நாளுக்கு முன்பே வெளியானவையாக இருக்க வேண்டும். தேதியைப் பார்க்காமல் பின்னால் வந்ததைக் காட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நான்காவது ஞாயிறு, எது வேறுபாடு, அது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றுமா என்று ஒரு பக்கம். எழுதி முடித்த பிறகு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் குளோபல் டாசியர் தளத்தில் அதே விண்ணப்பத்துக்கு எக்ஸாமினர் எழுதியதைத் திறந்து ஒப்பிடலாம்.

அதன் பிறகும் ஆசை இருந்தால், பணம் கட்டாமலே தொடங்க வழி உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் டிஎல்-101 பாடம் இலவசம். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஏஜென்ட் தேர்வுக்கு எந்த டிப்ளமோவும் கட்டாயமில்லை. மாறாக மூன்றாவது ஞாயிறே தாள் வெறுமையாகக் கிடந்தால் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அவருக்குக் கருவிதான் பிடிக்கிறது என்று அர்த்தம். அப்போது நெட், ஜே.ஆர்.எஃப். எழுதி ஆராய்ச்சிக்குப் போகட்டும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

நான்கு தாள்களையும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள், பார்த்து எழுதுகிறோம். மூன்றாவது ஞாயிறுத் தாளை மட்டும் நகலெடுத்து அழகாக்க வேண்டாம், அடித்தல் திருத்தலோடு அப்படியே வரட்டும்.