கட்டடத்துக்கு எந்த சென்சார், எதற்காக? கேள்வி பதில்

சென்னை அடுக்ககங்களில் சென்சார் பொருத்துவது குறித்து வந்த கேள்விகளுக்கு, பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும் பொறியாளராக இங்கே பதில் சொல்கிறேன்.

நங்கநல்லூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் கட்டடத்துக்கு வயது முப்பது, பதினாறு வீடுகள். தூண், கூரை எல்லாவற்றிலும் சென்சார் வைத்தால் கட்டடத்தின் பலம் கைபேசியிலேயே தெரியும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா சார்?

இப்போது வேண்டாம். முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து தட்டிப் பார்க்கட்டும். காதுக்குக் கேட்காத ஒலியைச் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனையில் கான்கிரீட்டுக்குள் அந்த ஒலி நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் சென்றால் தரம் நன்று, 3 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் சந்தேகம். எந்தத் தூண் பலவீனம் என்று தெரிந்த பிறகு அந்தத் தூணில் மட்டும் சென்சார் வைத்தால் போதும். வடிவமைப்பிலேயே குறை உள்ள கட்டடத்தை எந்தக் கருவியும் தாங்கிப் பிடிக்காது. கையில் உள்ள பணத்தில் சம்ப், மேல்நிலைத் தொட்டி இரண்டுக்கும் நீர்மட்ட சென்சார் போடுங்கள். இரவில் யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவுதான் பின்னாளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது.

அயனாவரம்: எங்கள் பகுதியில் மெட்ரோ சுரங்கப் பணி. கூடத்துச் சுவரில் ஒரு விரிசல் தெரிகிறது. பழையதா புதியதா என்று சொல்ல முடியவில்லை. விரிசலை அளக்கும் கருவி உதவுமா?

உதவும், படிக்கத் தெரிந்தால். இன்றே விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டுவது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் எவ்வளவு, எப்போது என்று அது சொல்லாது. மின்னணுக் கருவி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூடக் காட்டும்.

இங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.01 மி.மீ. அளவில் நீளும். பத்து மீட்டர் மொட்டை மாடித் தளம் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 2 மி.மீ. நீளப் பார்க்கும். அதனால் விரிசலின் அகலம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறுவது இயல்பு. எனவே பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சாரும் இருக்க வேண்டும். தினமும் விடியற்காலை ஐந்து மணி அளவை மட்டும் எடுத்து வாரம் வாரமாக ஒப்பிடுங்கள். அந்த எண் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் பொறியாளரை உடனே அழையுங்கள். கதவுகள் திடீரென இறுகினாலோ, தரைக் கற்கள் எழும்பினாலோ எந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

சுரங்கப் பாதையை ஒட்டிய கட்டடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்து, பணியின்போது அவை எவ்வளவு சாய்கின்றன, எவ்வளவு மண்ணில் இறங்குகின்றன என்று அளப்பது நடைமுறை. உங்கள் கட்டடத்தின் முன்னாய்வு அறிக்கையை மெட்ரோ நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய விரிசலா என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருக்கலாம்.

வேளச்சேரி: மழைநீர் சேகரிப்பு இருக்கிறது என்று சான்று காட்டிவிட்டோம். அது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

இதைக் கேட்டதற்கு நன்றி. 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமான விதி இது. ஆனால் இன்றும் பல இடங்களில் சரிபார்ப்பு என்பது குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரு கிரவுண்ட் மாடியில், அதாவது 2,400 சதுர அடியில், 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர் விழுகிறது. அது எங்கே போனது என்பதுதான் கேள்வி.

மாடி மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறை கிணற்றில் ஒரு நீர்மட்ட சென்சார் போதும். மழையில் மட்டம் ஏறி, பிறகு மெல்ல இறங்கினால் மண் நீரைக் குடிக்கிறது. ஏறவே இல்லையென்றால் மாடிக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ அதைத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஏறியது நாள்கணக்கில் இறங்காவிட்டால் அடியில் வண்டல் படிந்திருக்கிறது, தூர் வார வேண்டும். நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நவம்பர் இறுதியில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஐப்பசியின் முதல் மழைகளைப் பாருங்கள்.

திருவான்மியூர்: கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. துருவைக் காட்டும் சென்சார் உண்டா?

உண்டு. ஆனால் கம்பி கண்ணுக்கே தெரியும் இடத்தில் அதற்கு வேலை இல்லை, பழுதுபார்க்க வேண்டியதுதான். பெயராத மற்ற பகுதிகளில் உள்ளிருக்கும் கம்பியின் மின்னழுத்தத்தைக் கான்கிரீட்டின் மேலிருந்தே அளக்கும் அரைமின்கலச் சோதனை செய்யச் சொல்லுங்கள். செம்பு சல்பேட் மின்வாயை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் கீழே போனால் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். இன்னொன்று: கடற்காற்று உங்கள் சென்சார் பெட்டியின் திருகாணிகளையும் விடாது. நன்றாக மூடிய பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள்.

கொளத்தூர்: பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாட்டு இடைவெளியை விடாமல் கட்டுகிறார். சென்சார் கண்டுபிடிக்குமா?

அதற்கு அளவு நாடா போதும். அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டு மாநகராட்சியில் புகார் கொடுங்கள்.

போரூர்: கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சென்சார் வைத்தால் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வது பாதுகாப்பாகிவிடுமா?

ஆகாது. யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். வாயிலில் தொங்கும் சென்சார் பூஜ்யம் காட்டும்போதே கீழே உயிரைப் பறிக்கும் அளவு இருக்கலாம். சேற்றைக் கிளறிய நொடியில் இன்னும் வெளிவரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சென்சாரைக் காட்டி இதற்கு விலக்குத் தேடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உறிஞ்சும் லாரியை அழையுங்கள். தொட்டிக்குள் சென்சார் வைப்பதென்றால் மட்டத்தை அளக்க வையுங்கள். நிரம்பும் முன்பே லாரி வந்துவிடும்.

அண்ணா நகர்: தீயணைப்புப் பம்ப் இருக்கிறது, சான்றும் இருக்கிறது. இதற்கும் சென்சார் வேண்டுமா?

அவசியம். பம்ப் பழுதாக இருப்பதைவிட நான் அதிகம் பார்ப்பது, அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் ‘ஆட்டோ’ விசை அணைக்கப்பட்டிருப்பதை. சத்தமாக ஓடுகிறது என்று யாரோ அணைத்திருப்பார்கள். குழாயில் அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக இயங்க வேண்டும். விசை அணைந்திருந்தால் இயங்காது. அழுத்தத்துக்கு ஒரு சென்சாரும், விசையின் நிலையைக் காட்டும் ஒரு சமிக்ஞையும் போடுங்கள். எச்சரிக்கை செயலாளருக்கு மட்டும் போகக் கூடாது. காவலாளிக்கும், பகலில் வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் போகட்டும். பொருத்திய அன்றே விசையை அணைத்துப் பார்த்து, மூன்று கைபேசிகளும் ஒலிக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.