கருப்பாகத் தெரிவதெல்லாம் துளையா?

கேள்வி: ஆய்வு மாணவி நான். 21 அமினோ அமிலம் உள்ள ஒரு பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டு) ஈ.கோலை பாக்டீரியா மீது போட்டு, ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தேன். சுமார் 80 நானோமீட்டரில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. செல் சவ்வில் துளை விழுந்ததாக எழுதலாமா? இன்னும் தெளிவாக எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: எழுதாதீர்கள் அம்மா. சவ்வின் தடிமனே 4, 5 நானோமீட்டர்தான். சின்னப் பெப்டைடுகள் லிப்பிடில், அதாவது சவ்வின் கொழுப்பில், போடும் துளை அதைவிடச் சிறியது, திறக்கும், மூடிக்கொள்ளும். செல்லைப் படத்துக்குத் தயார் செய்யும்போது சேர்க்கும் குளூட்டரால்டிஹைடு புரதத்தைத்தான் பிடித்து நிறுத்தும், லிப்பிடை அல்ல. அப்புறம் எத்தனாலில் கழுவும்போது லிப்பிட் கரைந்து வெளியேறும். மேலே போடும் தங்கப் பூச்சே சில நானோமீட்டர் கனம். நிஜத் துளை தப்பியிருந்தாலும் அதற்கடியில் மறைந்திருக்கும். நீங்கள் பார்ப்பது உலரும்போது விழுந்த குழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெரிய ஆய்வாளர்களுக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1990இல் சாங், ரீஸ் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களுக்கு மின் அதிர்வு கொடுத்து, நொடிக்குள் உறையவைத்துப் பார்த்தார்கள். எரிமலை வாய் போன்ற திறப்புகள், 20 முதல் 120 நானோமீட்டர் வரை. உப்பு குறைந்த கரைசலில் செல் வீங்கியதால் வந்தவையோ என்ற சந்தேகம் பின்னர் எழுந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. துளையின் விளிம்பைப் புரதமே வளையமாகக் கட்டினால் நன்றாகத் தெரியும். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற பாக்டீரியா நச்சு அப்படித்தான்: பல புரத மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும், வளையம் 25, 30 நானோமீட்டர் இருக்கும். நெகட்டிவ் ஸ்டெயின் செய்தால், அதாவது பொருளைச் சுற்றிக் கருப்பாகத் தெரியும் சாயம் ஊற்றினால், சாயம் நடுவில் தேங்கி வளையம் வெளிறித் தெரியும். கிணற்றுக்கு உறை இறக்கியது போல, புரதம் நிற்பதால் வாய் தூர்ந்துபோகாது. உங்கள் பெப்டைடு 21 அமினோ அமிலம். அது அப்படி உறை கட்டாது. அந்தப் படங்களைக் காட்டி உங்களுடையதை நியாயப்படுத்த முடியாது.

ஏஜென்டிடம் போகவே வேண்டாம். "துளை தெரியும்படி" எடுத்துத் தருகிறேன் என்பவர், நூறு செல்லில் உங்களுக்குப் பிடித்த ஆறைத்தான் அனுப்புவார். என்னிடம் வந்த ஒரு தொகுப்பில், மருந்து போட்ட செல்லும் போடாத செல்லும் வெவ்வேறு நாளில் உலர்த்தியவை. படம் இல்லாமல் தீசிஸ் நகராது என்று கமிட்டிகள் பிடிவாதம் பிடிக்கும்வரை இவர்கள் பிழைப்பு நடக்கும். மாணவர்கள் ஸ்டைபண்டைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பணத்தில் புரொப்பிடியம் அயோடைடு என்ற சாயம் வாங்குங்கள். சவ்வு கெட்டால்தான் அது உள்ளே போய் ஒளிரும். கால்சீன் என்ற சாயம் நிரப்பிய லிப்போசோமிலிருந்து (லிப்பிடால் செய்த செயற்கை நுண்பை), பெப்டைடு போட்டதும் சாயம் கசிகிறதா என்றும் பாருங்கள். பழைய படங்களை வைத்துக்கொள்வதானால், பெப்டைடு போடாத செல்களையும் அதே நாளில், அதே எத்தனாலில் தயார் செய்து, இரண்டிலும் புள்ளிகளை எண்ணுங்கள். எது பெப்டைடு போட்டது, எது போடாதது என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.