அப்டேட் போட்ட பிறகு பட்டன் மக்கர் பண்ணுகிறதா? கேள்வி பதில்

இன்று என் போன் ரிப்பேர் கடைக்கு விடுமுறை. பட்டன் தொல்லையை மட்டும் கேளுங்கள். டிஸ்ப்ளே, பேட்டரியை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அண்ணே, நேற்று ராத்திரி அப்டேட் போட்டேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆஃப் பண்ணும் மெனு வரமாட்டேன் என்கிறது, அசிஸ்டென்ட்தான் வந்து பேசுகிறது. பட்டன் போச்சா?

பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அதன் வேலையைத்தான் மாற்றிவிட்டார்கள். பிக்சலில் 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இந்தக் கூத்து; சாம்சங்கில் அதற்கும் முன்பே. பிக்சல் என்றால் பவரையும் வால்யூம் அப்பையும் சேர்த்து அழுத்துங்கள். சாம்சங் என்றால் பவரோடு வால்யூம் டவுனைச் சற்று நேரம் பிடிக்க வேண்டும். சட்டென்று விட்டால் ஸ்கிரீன்ஷாட் விழும். பழையபடியே வேண்டுமென்றால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

வால்யூம் பட்டன் இரண்டுமே செத்துவிட்டன சார். கடையில் ஸ்ட்ரிப் (பட்டன் அமுக்கத்தைப் போனுக்குக் கடத்தும் உள்பட்டை) மாற்றணும் என்கிறார்கள். அப்டேட்டால் போனதற்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?

கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. போனை அணைத்துவிட்டு, பவரையும் வால்யூம் அப்பையும் சேர்த்துப் பிடித்து ரெகவரி திரைக்குப் போங்கள். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். புது சாம்சங் போன்களில் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும். அங்கே மெனுவில் மேலும் கீழும் நகர்வதே வால்யூம் பட்டனால்தான். வழக்கமாக ஓடும் ஆண்ட்ராய்டு அந்தத் திரையில் இல்லை. நகர்ந்தால் ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறது. உள்ளேயே போகமுடியவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரிப்தான். 'வைப் டேட்டா' என்ற வரியில் மட்டும் தவறியும் பவரை அழுத்திவிடாதீர்கள், எல்லாம் அழிந்துபோகும்.

வியர்வையும் தூசும் ஏறி மாதக்கணக்காகத் திணறிக்கொண்டிருந்த பட்டனை, அப்டேட் போட்ட அன்றைக்குத்தான் பலர் கவனிக்கிறார்கள். பழி அப்டேட் மேல் விழுகிறது. என் மேசைக்கு வருவதில் இந்த ரகம் நிறைய.

போன் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே ஆன் ஆகிறது.

சேஃப் மோட் என்றால் நாம் போட்ட ஆப்கள் ஓடாத நிலை. ஆன் ஆகும்போது வால்யூம் டவுன் அமுங்கியிருந்தால் பல போன்கள் அதற்குள் போகும்; உங்கள் பட்டன் அமுங்கியே கிடக்கிறது. பின் கவரைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். இறுக்கமான கவர்தான் பாதி நேரம் வில்லன்.

அம்மா போன் திடீரென்று தானாகப் பேசுகிறது. தொட்டால் எதுவும் திறக்கவில்லை.

பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஆன் ஆகியிருக்கும். இரண்டு வால்யூம் பட்டனையும் மூன்று வினாடி சேர்த்துப் பிடியுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் ஒரு முறை தொட்டுத் தேர்வுசெய்து, இரு முறை தட்டித் திறக்க வேண்டும்; அப்படியே செட்டிங்ஸுக்குப் போய் அணையுங்கள்.

பழைய ஐபோனில் ஹோம் பட்டனை ஆப்பிளில் கொடுக்காமல் வெளிக் கடையில் மாற்றினேன். அப்டேட் போடவே பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஐபோன் 6-இல் கைரேகை ஹோம் பட்டனை வெளியே மாற்றியவர்களுக்கு, ஐஓஎஸ் 9 போட்டதும் 'எரர் 53' காட்டிப் போனே செங்கல்லாகிப் போனது. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்தம் விட்டது. போன் உயிர்பெற்றது, கைரேகை மட்டும் திரும்பவில்லை. 2018-இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளியே ஸ்கிரீன் மாற்றிய சில ஐபோன் 8-களில் தொடுதிரை நின்றது, 11.3.1-இல் சரிசெய்தார்கள். பேக்கப் எடுத்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். ஊரார் போட்டுப் பார்க்கட்டும்.

பாட்டி பையில் வைத்த போன் தானாக 112-க்கு அடித்துவிட்டது!

பவரை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி அது. 2023-இல் பிரிட்டனில் இதே காரணத்தால் அங்குள்ள அவசர எண்ணான 999-க்குத் தவறான அழைப்புகள் குவிந்து, போலீஸே அறிக்கை விட்டார்கள். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்' என்று தேடுங்கள். பாட்டி தனியாக வெளியே போகிறவர் என்றால் அணைக்காமல், தானாக டயல் செய்யாதபடி மாற்றுங்கள்.

சார், ஸ்ட்ரிப் கேட்டவன்தான். ரெகவரியில் பட்டனை அழுத்தினால் மெனு நகருது!

அப்படியானால் போனைத் திறக்க விடாதீர்கள். சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் ஏதோ ஒரு ஆப் பட்டனைப் பிடித்துவைத்திருக்கிறது. பட்டன் அழுத்தத்தை ஆப் இடைமறிக்க வழிவிடும் அக்செஸிபிலிட்டி அனுமதியை எந்தெந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?

வால்யூம் பட்டனால் டார்ச் போட ஒன்று வைத்திருக்கிறேன்…

அதைத் தூக்கிவிட்டு வந்து சொல்லுங்கள்.